அண்டை நாட்டின் கடன் பத்திரங்கள்

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் மனைவி, மத்திய வங்கியின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கும் என் மகள், அவளுடைய மேலதிகாரி. எந்தத் தாளிலும் ஓர் அரைப்புள்ளியாவது திருத்தாமல் கையெழுத்திட மாட்டார் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் அரைப்புள்ளி என்றே பெயர். ஐந்தாவதாக யாரும் இல்லை.

பதினோரு மணிக்கு வங்கியின் ஆளுநர் தொலைக்காட்சியில் பேசவிருந்தார். இரு நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் கடன் பத்திரங்கள் எவ்வளவு என்று ஒப்பிடும் அட்டவணையை மகள்தான் தயாரித்து அனுப்பியிருந்தாள். எங்களுடையது நாற்பத்திரண்டு பில்லியன் டாலர். அண்டை நாட்டினுடையது நாற்பது. முதல்முறையாக நாங்கள் முந்தியிருந்தோம். ஆளுநர் அதை அறிவிப்பதை என்னோடு உட்கார்ந்து பார்க்க அரைப்புள்ளி வந்திருந்தார். அவருக்கு முன் அந்தப் பிரிவை இருபது வருடம் நடத்தியவன் நான்.

பத்தே காலுக்கு, மடிக்கணினியில் அண்டை நாட்டின் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்த மகளின் கை நின்றுவிட்டது.

"அப்பா, இந்த அடிக்குறிப்பைப் பாருங்க. இந்தக் காலாண்டுலேர்ந்து அவங்களும் சந்தை மதிப்புலயே தர்றாங்களாம்."

அதுவரை அவர்கள் பத்திரத்தில் அச்சிட்ட முகமதிப்பைச் சொல்வார்கள்; நாங்கள் அன்றைய சந்தை விலையைச் சொல்வோம். ஆகவே அவர்களுடைய எண்ணைச் சந்தை விலைக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும் என்பது நான் எழுதி வைத்த விதி. பத்திர விலைகள் விழுந்திருந்ததால் மகள் வழக்கம்போல நூற்றுக்கு ஒன்பது குறைத்திருந்தாள். ஏற்கெனவே குறைத்துத் தந்த எண்ணை மறுபடியும் குறைத்துவிட்டாள். உண்மையில் அவர்களிடம் நாற்பத்து நான்கு இருந்தது.

"அந்த விதியில தப்பு வராது," என்றேன்.

"ஏன், கல்லுல செதுக்கி வச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

அரைப்புள்ளி குரலைத் தாழ்த்தினார். "கண்டுக்காம விட்ரும்மா. அடுத்த காலாண்டுல நைசா சரி பண்ணிக்கலாம். இப்போ வாயைத் திறந்தா உன் வேலை போயிடும். உங்கப்பாவுக்கும் தலைகுனிவு."

"கமா விட்டுப்போனா குதிப்பீங்க. நாலு பில்லியன் போனா பரவாயில்லையா சார்?" என்றாள் மகள். "திங்கக்கிழமை பக்கத்து நாட்டுக்காரன் சிரிப்பான். அப்போ யார் தலை உருளும்?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"போன் பண்ணட்டுமாப்பா? விதியை யார் எழுதினதுன்னு கேப்பாங்க."

மணி பத்து முப்பத்தைந்து. எங்கள் வீட்டுப் பெயரில் அதுநாள்வரை ஒரு கீறல் விழுந்ததில்லை. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டா என் பேரைச் சொல்லு. மழுப்பாதே," என்றேன்.

இரண்டு முறை ஆளுநர் அலுவலகத்தின் இணைப்பு கிடைக்கவில்லை. மூன்றாம் முறை கிடைத்தபோது பத்து ஐம்பது. மகள் நின்றுகொண்டே பேசினாள். "தப்பு என்னோடதுதான் சார். அடிக்குறிப்பை நான் படிக்கல," என்றாள். என் பெயரை அவள் சொல்லவே இல்லை. எதிர்முனை ஐந்து நிமிடம் பேசியது.

பதினோரு மணிக்கு ஆளுநர் எங்கள் கையிருப்பை மட்டும் வாசித்தார். அண்டை நாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அரைப்புள்ளி காப்பியைக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

மகளைக் காப்பாற்ற நான் ஆளுநரின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. அன்று நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. போனைத் தொடவும் இல்லை. பேசியவள் அவள். அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை.