போகல

அப்பாவின் வலது காலில் வெள்ளைக் காலுறையை மாட்டிவிட்டு இடது காலைத் தூக்கியபோது, ஜன்னலுக்கு வெளியே யாரோ குசுகுசுப்பது ஜீவமணியின் காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் கம்பெனி குடோன் ஆட்கள். மேஸ்திரி செல்லப்பாண்டி அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான்.

அப்பா கடைசியாகச் சொன்னது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அவளுக்குத் திக்கென்றது.

விடியற்காலையில் கம்பெனி ஆபீஸிலிருந்து திரும்பிய அப்பா கிருபாநிதி, சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "போகல... அற்புதம், போகல" என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான், தலை சாய்ந்துவிட்டது. சபையில் மூப்பர் அவர். எத்தனையோ பேருடைய கட்டிலருகே நின்று, ஆண்டவரிடம் சந்தோஷமாகப் போகச் சொல்லி வழியனுப்பியவர். அவரே போகமாட்டேன் என்று அடம்பிடித்தார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? போதகரிடமே அம்மா பொய் சொல்லிவிட்டாள், பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டார் என்று.

"யாரு கேட்டாலும் நீயும் அதையே சொல்லுளா" என்று மகளிடம் கையடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

செல்லப்பாண்டி ஜன்னலருகே வந்தான். "டீச்சர், அய்யா கடைசியா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?" அவன் கண் உள்ளே சுவரில் சாய்த்திருந்த மலர்வளையத்தின் மேல் போனது. கொடைக்கானலில் இருந்த கம்பெனி மேனேஜர் துரை போனிலேயே சொல்லி அனுப்பியது. "பெட்டி வருமுன்ன மால வந்துட்டு. அதுவும் இம்புட்டுப் பெருசு. உங்க வாயயும் சேத்துக் கெட்டிப்புட்டாவளோன்னு பயலுவ பேசிக்கிடுதானுவ."

"என்ன பேசுதீய அண்ணாச்சி? எங்க வாய எதுக்குக் கெட்டணும்?"

அவன் அவளை நம்பாமல் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"சீமையில ஓட்டுப் போட்டாம்லா? ஐரோப்பாக்காரன் எல்லாஞ் சேந்து ஒரு பொதுச் சந்த வச்சிருக்கான். அதுல இருக்கணுமா, விட்டுப் போவணுமான்னு ஓட்டு. போயிட்டாம்னா, லண்டன் வழியாப் போற நம்ம எலைக்கு ஜெர்மனிக்காரன் வரி போட்டுருவான், கம்பெனி இங்கன குடோனப் பூட்டிரும்னு அய்யாதான் சொன்னாரு. ராத்திரி லண்டன்லேந்து சேதி வரும், நான் இருந்து கேட்டுட்டு வாரேன், நீங்க வீட்டுக்குப் போங்கலேன்னு அனுப்பிட்டாரு. எத்தன குடும்பம் டீச்சர்! மறைக்காதீய. சீமைக்காரன் போறானா, போகலயா?"

ஐரோப்பாவில் யாருக்கோ வயிறு இளகுவதற்காக மருந்து இலையைச் சலித்து மூட்டை கட்டித்தான் இவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. ஜீவமணிக்கு அது தெரியும். ஆனால் இப்போது அவள் காதில் நின்றது கடைசி வார்த்தை மட்டுந்தான்.

வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அப்பா மானத்தைக் காப்பாற்ற அந்த வார்த்தைக்கும் ஓட்டுக்கும் நாமே முடிச்சுப் போடுகிறோமோ என்று தன் மேலேயே சந்தேகம். காலைப் பேப்பரில் ஓட்டு எண்ணுகிறார்கள் என்று மட்டும் போட்டிருந்ததாம். மூப்பர் வீட்டுச் சாவு என்று தெருவில் ஒரு ரேடியோவும் பாடவில்லை.

அவள் விறுவிறுவென்று போய் ரேடியோவைத் திருகினாள். உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அற்புதமணி எழுந்து ஓடிவந்தாள்.

"ஏளா, சாவு வீட்ல ரேடியாவா? புத்தி கெட்டுப் போச்சா?"

ஜீவமணி சத்தத்தைக் கூட்டினாள். மத்தியானச் செய்தி. எங்கோ வெள்ளம், எங்கோ வேலைநிறுத்தம். பிறகு, ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் தொடர்ந்து நீடிக்க வேண்டும் என்று பெருவாரியான மக்கள் வாக்களித்திருப்பதாக அந்தக் குரல் சொன்னது.

நிறுத்துவதற்கு நீண்ட அம்மாவின் கை அப்படியே நின்றது. "என்னளா சொல்லுதான்?"

"சந்தைய விட்டு இங்கிலாந்து போகலயாம்மா. ராத்திரி முழுக்க அப்பா இதுக்குத்தான் காத்துக் கெடந்தாவளாம்."

அற்புதமணி போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போகலயாம்யா, செல்லப்பாண்டி. எங்கிட்டதான் மொதல்ல சொன்னாரு. எனக்குத்தான் வெளங்கல."

சொல்லிவிட்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, வாய்விட்டு அழுதாள்.

செல்லப்பாண்டி மரத்தடிக்குத் திரும்பிப் போகவில்லை. வாசலில் விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ஸ்டாண்டு போட்டான்.

ஜீவமணி கையில் கசங்கியிருந்த இடது காலுறையை உதறிக்கொண்டு அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள்.