பச்சைச் சுவரும் நாலு ‘அப்போ’வும்

புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். எந்த ஆசிரியரும் ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளாத நேரம் அது. பாதி வகுப்பு கொட்டாவி விடும், மீதி ஜன்னலைப் பார்க்கும். அதைத்தான் தலைமையாசிரியர் இயற்பியல் டீச்சர் தலையில் கட்டியிருந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு, வாரம் ஒருமுறை, ‘சரியாக யோசித்தல்’. புத்தகம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. முதல் வாரம் முணுமுணுத்துக்கொண்டே போன டீச்சர், இப்போது அந்த முக்கால் மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறாள்.

எல்லாம் பிள்ளைகளால்தான். வாதத்தில் வரும் பிழைகளுக்குப் பெரிய பெரிய பெயராகச் சொன்னால் தூங்கிவிடுவார்கள் என்று, பெயர் வைக்கும் வேலையையே அவர்களிடம் விட்டுவிட்டாள். எல்லாரும் செய்கிறார்கள், அதனால் சரி என்று சொன்னால் அது ‘ஊரே போகுது’. சொன்ன விஷயத்தை விட்டுவிட்டுச் சொன்னவரைத் தாக்கினால் ‘ஆளடி’. குடை கொண்டுபோன அன்று மழை வரவில்லை, ஆகவே மழையை நிறுத்தியது குடைதான் என்றால் ‘குடைப்பிழை’.

அன்றைக்குப் புதிதாக ஒன்று. பலகையில் ‘அப்போ’ என்று எழுதினாள்.

“ஹோம்வொர்க் முடிச்சியான்னு அம்மா கேக்கறாங்க. ‘அப்போ நான் சோம்பேறின்னு சொல்றீங்க’ன்னு நீங்க பாயறீங்க. அம்மா அப்படிச் சொன்னாங்களா?”

“இல்லை டீச்சர்.”

“சொல்லாததைச் சொன்னதா வச்சுக்கிட்டு, அதோட சண்டை போடறது. பாதி நேரம் அது ‘அப்போ’ன்னுதான் ஆரம்பிக்கும்.”

வகுப்பு விழித்துக்கொண்டது. இந்தப் பொருள் எல்லார் வீட்டிலும் கிடைக்கும் பொருள் அல்லவா. முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பதால் அவளுக்கு ‘வக்கீல்’ என்றே பெயர்.

“நிஜமா நடந்த சண்டை ஒண்ணு சொல்லுங்க டீச்சர். நாங்க பிரிச்சுப் பார்க்கறோம்.”

டீச்சரிடம் ஒரு சண்டை கைவசம் இருந்தது. ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறாள். அவளுக்கும் அவளுடைய அக்காவுக்கும் நடந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனாலும் முகத்தில் முழிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸான அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல், ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்கிறாள் என்று அம்மா போனில் சொன்னாள். அன்றிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்க்கக் கொள்ளை ஆசை. ஆனால் தப்பு அக்காவுடையது, அவள்தான் முதலில் பேச வேண்டும். அதை வகுப்பிலுள்ள இருபத்தெட்டு பேரும் உறுதிசெய்தால் மனசு ஆறும் என்று கணக்குப் போட்டாள். ஆசைக்கு அளவில்லை.

“ஒரு அக்கா, ஒரு தங்கச்சி,” என்று ஆரம்பித்தாள். “தங்கச்சி ஆசை ஆசையா ஹாலுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சா. அக்கா வந்து பார்த்துட்டு, ‘பச்சை தூக்கலா இருக்குடி’ன்னா. ‘அப்போ எனக்கு ரசனை இல்லைங்கறே’ன்னா தங்கச்சி. ‘நான் எங்கடி அப்படிச் சொன்னேன்’னா அக்கா. ‘அப்போ நான் பொய் சொல்றேனா?’ ‘சரி விடு, டீயைக் குடி.’ ‘அப்போ என் பேச்சுக்கு மதிப்பே இல்லை.’ அக்கா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. ‘அப்போ இனிமே வரவே வேண்டாம்’னு தங்கச்சி சொல்லிட்டா. இப்ப சொல்லுங்க, தப்பு யாரோடது?”

வக்கீல் சாக்பீஸை வாங்கிப் பலகையில் நாலு கோடு போட்டாள்.

“நாலு அப்போ. நாலும் தங்கச்சியோடது டீச்சர்.”

டீச்சருக்குக் காது சூடானது. “அந்த அக்கா சின்ன வயசுலேருந்தே குத்தம் சொல்ற ஆளு.”

“ஆளடி,” என்றது நடு வரிசை.

“அந்த இடத்துல யாரா இருந்தாலும் கோபம் வரும்.”

“ஊரே போகுது,” என்றது வகுப்பு மொத்தமும், குதூகலமாக.

ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்ததாக எல்லாரும் நம்பிய பையன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். “டீச்சர், அந்தச் சுவர் இன்னும் பச்சையாத்தான் இருக்கா?”

“இருக்கு,” என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிரிப்பை அடக்கி அடக்கிச் சிலர் சிவந்துபோனார்கள். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை.

“அந்தத் தங்கச்சிக்கு அக்கான்னா ரொம்பப் பிடிக்கும்போல டீச்சர். இல்லைன்னா ஒவ்வொரு வார்த்தையையும் இப்படி யாரு ஞாபகம் வச்சிருப்பாங்க?”

அந்த வாதத்தில் ஓட்டை இருந்தது. டீச்சருக்கு அது நன்றாகவே தெரிந்தது. கண்டுபிடிக்க மனசு வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை டீச்சர் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

“நீ சுவரைத்தான் சொன்னே. நான் என்னைச் சொன்னதா எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடது. பச்சை தூக்கல்தான்.”

“தூக்கலா இருக்குன்னா என்னடி அர்த்தம்?”

“ஜாஸ்தியா இருக்குன்னு. உப்பு தூக்கல்னா ஜாஸ்திதானே?”

“அது உப்பு. சுவர் எடுப்பா, பளிச்சுன்னு இருக்குன்னு சொன்னேன்டி. வாயைத் திறக்க விட்டியா நீ?”

ஒரு இயற்பியல் பட்டம், இருபத்தெட்டு கூர்மையான மூளை. இத்தனை இருந்தும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. டீச்சர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது, கண்ணில் தண்ணீர் வரும்வரை நிற்கவில்லை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மாமா, வந்த வழியே திரும்பிப் போனார்.

“இதை ஒரு போன்ல சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நாலஞ்சு தடவை எடுத்தேன்,” என்றாள் அக்கா. சிரிப்பு அடங்கியிருந்தது. “இனிமே வரவே வேண்டாம்னு சொன்னியே. அதை நான் எப்படி வேற மாதிரி எடுத்துக்கறது?”

“எடுத்துக்க முடியாது. நான் சொன்னேன். மன்னிச்சுடு அக்கா.”

அக்கா டேப்பை அவளிடம் நீட்டினாள். “இந்த ஓரத்தை ஒட்டு. புது வீட்டுக்குப் பெயிண்டர் திங்கட்கிழமை வர்றார். அந்தப் பச்சைக்கு என்ன நம்பர்?”

“தெரியலை. டின் வீட்லதான் இருக்கு,” என்றாள் டீச்சர். “வந்து பாரு.”

பெட்டிகளுக்கு நடுவே அக்கா தன் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.