கிளாத்தியின் நீலம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் மூவர். அண்ணி தொட்டிக்கு எதிரே நாற்காலியில். வளர்ப்பு மீன் கடைக்காரர் தரையில் சம்மணமிட்டு. நான் மேசையருகே, பாதி எழுதிய கடிதத்தோடு. தொட்டிக்குள் கிளாத்தி என்ற கடல்மீன், முதுகு முள்ளைக் கல்லிடுக்கில் ஊன்றிக்கொண்டு, நான்கு நாளாக வெளியே வரவில்லை.

கப்பல் வேலைக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற மீன். மூன்று மாதமாக என் பொறுப்பு. வளர்ந்துகொண்டே இருக்கும் பல் தேய ஓட்டோடு இறால், நிறம் நிற்கக் கணவாயும் சிப்பியும் மாற்றி மாற்றி. அவன் எழுதிவைத்ததில் ஒன்றையும் நான் விடவில்லை. இருந்தும் அதன் நீலம் சாம்பலாகிவிட்டது. தண்ணீர் மாற்ற வாளி தூக்கித் தூக்கி என் தோளும் போய்விட்டது.

"தண்ணி வத்தினா என்ன பண்றீங்க?" கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

"தினமும் ஒரு குடுவை ஊத்துறேன். உப்பை அளந்து கலந்துதான்."

அவர் உப்பு பார்க்கும் கருவியைத் தொட்டியில் இறக்கினார். பிறகு தலையில் கை வைத்தார்.

"அக்கா, ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்கயும் போகாது. வத்தினதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். நீங்க உயிரோட கருவாடு போட்டிருக்கீங்க!"

குடுவையை அளந்தேன். தொட்டியை ஒருநாளும் அளக்கவில்லை.

"பிழைக்குமாப்பா?" அண்ணி கேட்டார்.

"உப்பை மெதுவா இறக்கணும், பத்து நாளாகும். அதுக்கு மேல நான் சொல்ல முடியாது. கடையில இதே அளவுல ஒண்ணு இருக்கு. வேணும்னா..."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "மாத்தி வச்சிடலாமா? உங்கண்ணனுக்குத் தெரியவா போகுது? நான் மூக்குத்தி மாத்தினதையே ஒரு வருஷம் கழிச்சுத்தான் பாத்தாரு."

"மூக்குத்தி அவன் முகத்துல தண்ணி துப்பாது அண்ணி. இது துப்பும். அவன் விரலை நீட்டினாப் போதும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குத் தெம்பில்லை.

நான்கு மணிக்குத் தபால் எடுத்துவிடுவார்கள். இதை விட்டால் அடுத்த துறைமுகத்துக்குக் கடிதம் போக இரண்டு மாதமாகும். 'மீன் நலம்' என்று எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

'அண்ணா, உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்தேன். தவறு என்னுடையது, கடைக்காரருடையதோ அண்ணியுடையதோ அல்ல. வேறு மீன் வாங்கி வைக்கவில்லை. இன்று முதல் நல்ல தண்ணீர். இதை நீ படிக்கும்போது அது இருக்குமா என்று தெரியவில்லை.'

அண்ணி வாங்கிப் படித்தார். பசைப் புட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். உறையை ஒட்டி, முகவரியை இருமுறை சரிபார்த்து, தெருமுனைவரை நடந்துபோய்ப் பெட்டியில் போட்டேன்.