மண் கை

சுவர் பூச மண் குழைத்துக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டி அம்சம் ஓடிவந்தாள். "ஏங்க, ஐயாவு நம்ம வேலுக்குப் பீடி நீட்டுனாராம். அவன் வாங்கிட்டானாம்." கை கழுவக்கூட நிற்காமல் ஆற்று மதகு ஷட்டரைப் பார்த்து ஓடினேன்.

பீடிக்காக ஓடவில்லை. கூலிக்காரர் சங்கத்துக்கு ஐயாவு ஆள் பிடிப்பது இப்படித்தான். பயல்களைக் கூட்டிவைத்துப் பீடிக்கட்டை நீட்டுவான். அக்கம்பக்கம் பார்க்காமல் வாங்குகிறவன் எதற்கும் வருவான் என்பது அவன் கணிப்பு. ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியும் எங்கள் கூலி நெல்லில் அரைப்படி கூடவில்லை. குறுவை முற்றி நிற்கிறது. பண்ணையார் வெளியூர் ஆளை இறக்குமுன் நாளை விடிந்ததும் நாங்களே இறங்கி அறுப்பது, முன்வரிசையில் பயல்களை விடுவது என்று பேச்சு. ஷட்டர் சுவரில் போலீஸ் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாற்பது வயதில் படித்த எழுத்து எனக்கு. வயலில் இறங்கினால் 'துப்பாக்கிப் பிரயோகம்' என்பதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

என் மகன் வேலு ஷட்டர் மேல் நின்றான். பதினைந்து வயது. கீழே தண்ணீர் நுரைத்துச் சுழன்றது. போன வருஷம் பீடி, பிறகு இந்தக் குதி, பிறகு ஓடுகிற நெல் லாரியில் தொற்றுவது. ஒவ்வொன்றுக்கும் அடித்துப் பார்த்தாயிற்று.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. வேடிக்கையப் பாருங்க," என்றான் ஐயாவு.

"அவன விட்டுரு ஐயாவு. இன்னும் மீசைகூட மொளைக்கல."

"மீச வச்ச நீங்க நேத்து கூட்டத்துல எங்க குந்தியிருந்தீங்க? கடைசிலதான?"

பயல்கள் சிரித்தார்கள். வேலு சிரிக்கவில்லை. எரிகிற பீடியை, நெருப்பு உள்ளே இருக்கும்படி வாய்க்குள் திருப்பி, உதட்டை மூடிக்கொண்டு குதித்தான்.

தலை வரவில்லை. அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது, உழவில் என் கையெல்லாம் சேறாக இருந்தால் அவனைத்தான் பீடி பற்றவைத்துவரச் சொல்வேன். அணையாமலிருக்க வரப்பு நெடுக இழுத்துக்கொண்டே வந்து என் வாயில் வைப்பான். இருமுவான். நான் சிரிப்பேன். இன்னும் தலை வரவில்லை.

நுரைக்கு அப்பால் எழுந்தான். உதட்டைத் திறந்து புகைவிட்டான். பயல்கள் கத்தினார்கள்.

"நாளைக்கி நீதான்டா மொத ஆளு," என்றான் ஐயாவு.

கரையேறி நேரே என்னிடம் வந்தான். "வேலு, நாளைக்கி..." என்று ஆரம்பித்தேன். அவன் என் கைகளைப் பார்த்தான். மண் காய்ந்து விரலோடு விரல் ஒட்டிக் கிடந்தது. பீடியை வெளியே எடுத்துத் திருப்பி, பழையபடி என் வாயருகே கொண்டுவந்தான். போகாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் வைத்துவிட்டான்.

அணையாமலிருக்க இழுத்தேன்.