காதுவெட்டு

டிராக்டரை விற்கிறார்கள் என்ற சேதி காதில் விழுந்ததும் செல்லியம்மாள் கூழ்ச்சட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பண்ணைக்கு நடையைக் கட்டினாள். அந்த இரும்புச் சனியன் லாரி ஏறிப் போய்விட்டால், அவள் புருஷன் வீரன் திருடனில்லை என்று சொல்ல உலகத்தில் வேறு சாட்சி ஏது?

வீரன் மேச்சேரிக்காரன், ஆடு மேய்த்த குடும்பம். ஆட்டையாம்பட்டிப் பக்கத்துப் பண்ணையார் சரவணமுத்துக் கவுண்டர் சீமையிலிருந்து டிராக்டர் வரவழைத்தபோது, அதன் கிட்டே போகவே ஊர் பயந்தது. கூட வந்த மெக்கானிக்கிடம் ஓட்டவும் கழற்றி மாட்டவும் பழகிக்கொண்டவன் வீரன் ஒருத்தன்தான். பழகினவன் சும்மா இருந்திருக்கலாம். அவன் கைக்கு அது தெரியாது.

மேச்சேரிப் பக்கம் ஆட்டுக்குட்டியின் காதோரத்தில் கத்தியால் குறி போடுவார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் வெட்டு வேறு. மந்தை கலந்துபோனால் காதைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். கழற்றின சாமான் எதுவும் பட்டறையில் மாறிவிடக் கூடாதே என்று, வீரன் டிராக்டரின் பாகம் ஒவ்வொன்றிலும், உள்பக்கமாகப் பார்த்து, தன் வீட்டு வெட்டை அரத்தால் ராவி வைத்தான். இரண்டு வெட்டு சேர்ந்தாற்போல், ஒரு வெட்டு தள்ளி. யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டுக்குக் குறி போட ஊரைக் கூட்டியா கேட்பார்கள்?

ஒரு ஐப்பசி மழையில் வண்டி நின்றுபோனது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோவை வீரன் கழற்றிக் கீழே வைத்தான். கவுண்டர் குனிந்து பார்த்தார். அரம் பட்ட தழும்பு தெரிந்தது.

"சீமைச் சாமானத்துல அரத்து வெட்டு எப்படிடா வரும்? அசலைச் செவ்வாய்ப்பேட்டையில வித்துப்போட்டு ஓட்டையைக் கொண்டாந்து மாட்டிருக்கறே!"

"அது நான் போட்ட குறிங்க சாமி. மத்த சாமானத்துலயும் இருக்குதுங்க, கழட்டிப் பாருங்க" என்று கதறினான் வீரன். கழற்றத் தெரிந்தவன் அவன் ஒருத்தன். அவனைத்தான் டிராக்டரின் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்களே! அடித்த அடியில் அவனுடைய வலது மணிக்கட்டு அன்றைக்குப் போனது.

அதற்கப்புறம் திருட்டு வீரன் என்றே பேராகிவிட்டது. எருவுக்காக அவர்கள் ஆட்டைத் தன் காட்டில் பட்டி அடைக்க ஒருத்தரும் கூப்பிடவில்லை. கோயில் வாசலைக்கூட மிதிக்க முடியவில்லை. ஆனால் கவுண்டர் அன்று ஊர் முன்னால், மாரியம்மன் மேல் ஆணையாக ஒரு வார்த்தை விட்டிருந்தார்: "அவன் எடுக்கலீன்னு என்னைக்காச்சும் தெரிஞ்சா, நானே கையைப் புடிச்சுக் கோயிலுக்குக் கூட்டியாறேன்." அந்த ஒரு வார்த்தையை மடியில் முடிந்து வைத்துக்கொண்டுதான் செல்லியம்மாள் இத்தனை காலம் உயிரைப் பிடித்திருந்தாள்.

இப்போது வெள்ளைக்காரன் சண்டையில் இரும்புக்கு ஏக கிராக்கி. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்று பழைய டிராக்டரைக் கேட்டது. பாகமெல்லாம் அசலாக இருந்தால்தான் எடுப்போம் என்று சொல்லி, பார்த்து வரக் கைலாசம் மேஸ்திரியை அனுப்பியிருந்தார்கள். செல்லியம்மாள் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை முன்னால் கூட்டம்; லாரியும் வந்து நின்றது. மேஸ்திரி சீமையெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு பாகமாகத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் அசலுங்க மேஸ்திரி. மேக்னெட்டோ ஒண்ணுதான் போலி. ஒரு திருட்டுப் பய மாத்திப்போட்டான்" என்றார் கவுண்டர், அவளைப் பார்த்துக்கொண்டே.

மேஸ்திரி மேக்னெட்டோவைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க போலின்னு சொன்னது? வார்ப்புலயே எழும்பின கம்பெனி எழுத்து இது, பாருங்க. நம்மூர்ப் பட்டறையில எவனாலயும் இதைச் செய்ய முடியாது. வண்டியோட பொறந்த சாமானமுங்க. உள்ள தண்ணி எறங்கிக் கம்பி செத்துப்போயிருக்குது, அவ்வளவுதான்."

வண்டி நிற்கிற கொட்டகை ஒழுகுகிறது, ஓடு மாற்றுங்கள் என்று அந்த வருஷம் வீரன் கெஞ்சாத நாளில்லை. செல்லியம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"கேட்டீங்களா சாமி? என்ற ஊட்டுக்காரர் எடுக்கலீங்க! எல்லாரும் கேட்டுக்கங்க!"

கவுண்டருக்கு முகம் சுண்டிவிட்டது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அத்தோடு அவள் வாயை மூடியிருந்தால் கவுண்டர் அன்று விட்ட வார்த்தை ஒருவேளை நடந்திருக்கும். பாவி மகள், சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இதென்னமோ அரத்து வெட்டு எல்லாப் பாகத்துலயும் ஒரே மாதிரி இருக்குதே?" என்று மேஸ்திரி தமக்குள் சொல்லிக்கொண்டதும் முந்திக்கொண்டாள்.

"அது எங்க ஊட்டுக் காதுவெட்டுங்க மேஸ்திரி! ஆட்டுக்குப் போடற குறி! அவர் அன்னைக்கே சொன்னாருங்க, ஒருத்தரும் நம்பல!"

கவுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்துவிட்டது அவருக்கு.

"உங்க ஊட்டுக் குறியா? என்ற வண்டியிலயா? குறி எதுக்குப் புள்ள போடுவாங்க? இது என்னுதுன்னு நாளைக்குச் சொல்லத்தானே?" கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? ஒரு சாமானத்தைத் திருடுனான்னு நெனச்சு நான் ஏமாந்துட்டேன். வண்டி மொத்தத்தையும் அமுக்கப் பாத்திருக்கறான்!"

முனகிய வாய்களெல்லாம் இப்போது சிரித்தன. ஆட்டுக்காரன் புத்தி எங்கே போகும் என்றான் ஒருத்தன். காதுவெட்டு எதற்கு என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிப் போயிற்று.

செல்லியம்மாள் லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்படின்னா எங்களுதுங்க! குறி யாருதோ ஆடு அவங்களுதுன்னுதானே ஊர் நியாயம்? உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. வண்டியை உட்டுட்டுப் போங்க!"

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். அசலா போலியா என்று பார்த்துச் சொல்லத்தான் அவர் வந்தார், சொல்லியாகிவிட்டது.

"போறப்போ அந்த வெட்டையெல்லாம் ராவி எடுத்துப்போடுங்க மேஸ்திரி" என்று கவுண்டர் எழுந்தார். "எஸ்டேட்டுக்காரங்க மேலயும் நாளைக்கு வழக்குக்கு வருவாங்க இவுங்க." இரண்டு பேர் அவளைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள். டிராக்டரை ஏற்றிக்கொண்டு லாரி போனது.

வீட்டில் வீரன் புதிதாகப் பிறந்த குட்டியை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, இடது கையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தான்.

"மேக்னெட்டோ?" என்றான்.

"அசலுன்னு மேஸ்திரி சொல்லிட்டாருங்க."

"குறி?"

"எல்லாத்துலயும் இருந்துச்சு."

அவன் சிரித்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான். "அப்போ கவுண்டர் வாராரா?"

அவள் மிச்சத்தையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. மறைத்து வைத்து என்ன செய்ய? பிறகு பழக்கதோஷம், குட்டியின் காதைத் தடவிப் பிடித்தான். செல்லியம்மாள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. இனி எதுக்கும் குறி வேண்டாம்."

"குறி இல்லாட்டி நம்ம ஆடுன்னு எப்படிப் புள்ள தெரியும்?"

"தெரிஞ்சு?"

வீரன் காதை விட்டான். குட்டி முழுக்காதோடு தாயிடம் ஓடியது.