மாமியாருக்கு விட்ட இடம்

என் சகலைக்கு ஓவியம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற்ற மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டதாகக் கேள்வி.

மாமியார் வீட்டுக் கூடத்துச் சுவரில் குடும்பப் படம் வரைவதாக வாக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருகிறார்கள். மாமியாரின் ஒரே நிபந்தனை, நடுவில் தான் நிற்க வேண்டும். வாழ்நாளெல்லாம் தையற்கடை நடத்திய அம்மாள், எந்தப் புகைப்படத்திலும் முழுசாக விழுந்ததில்லை. யார் தோளுக்காவது பின்னால் தலை மட்டும் தெரியும்.

முதலில் ஒரு தாளில் கிறுக்கிப் பார்க்கலாமே என்றேன். சகலை பார்த்த பார்வையில் சுவரிலிருந்த பல்லி கீழே விழுந்தது. முன்கூட்டிக் கோடு போடுகிறவன் கணக்கப்பிள்ளை, கலைஞன் அல்ல என்றார். எல்லாம் மண்டைக்குள் இருக்கிறதாம். இருக்கும். அங்கே காலி இடத்துக்கா பஞ்சம்?

கை பழகுவதற்காகத் தன்னையே முதலில் வரைந்தார், சுவரின் நட்டநடுவில். மீசை அமோகமாக வந்துவிட்டது. மீசைக்குத் தக்க முகம், முகத்துக்குத் தக்க தோள் என்று வளர்ந்து, ஆள் கதவகலம் பரந்துவிட்டார். மீசை முனையில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். இந்தப் பக்கம் அவர் மனைவி, அந்தப் பக்கம் என் மனைவி. என்னைச் சன்னல் சட்டத்தோடு நெருக்கி, நனைந்த குடையை மடக்கி வைத்ததுபோல் நிறுத்தினார். மிச்சம், சுவிட்சுக்கும் மூலைக்கும் நடுவே ஒரு சாண். அதில் மாமியாரின் ஒரு காதும் கொஞ்சம் கொண்டையும் அடங்கின.

சனிக்கிழமை மாமியார் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுலயும் எட்டித்தான் பாக்கறேனா மாப்பிள்ளை?"

அது நவீன பாணி, இல்லாமையில்தான் இருப்பே தெரியும் என்று சகலை விளக்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

மாமியார் உள்ளே போய், துணியில் வெட்டுக்கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்து வந்து மூத்த மகளிடம், அதாவது சகலையின் மனைவியிடம், கொடுத்தார். சுவரிலிருந்த சகலையின் மார்பில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நின்றார்.

"என்னைச் சுத்திக் கோடு போடுடி. தையலுக்கு விடற மாதிரி ரெண்டு ஓரமும் நாலு விரல் சேத்துக்கோ."

கட்டிய மனைவி கொஞ்சமாவது தயங்குவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரே இழுப்பில் போட்டுவிட்டாள்.

"இதுக்குள்ள வரைங்க மாப்பிள்ளை. கோட்டைத் தாண்டக் கூடாது."

சகலை தன் மீசையை, பிறகு முகத்தை, தோளை என்று தன் கையாலேயே அழித்தார். மூலையிலிருந்த காதுக்கும் வெள்ளையடித்தார். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொள்ள நானே வலியப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் மாமியாரின் படத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். ஓர் அத்தை மட்டும், அம்மாளுக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முழங்கை யாருடையது என்று கேட்டார்.

"பெரிய மாப்பிள்ளையோடது," என்றார் மாமியார். "கூச்ச சுபாவம். பின்னால நிக்கிறார்."