அழிந்தால் சரியாகிவிட்டது

விடியுமுன்பே கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சிக் கிடங்கில் இரும்புச் சுருள்கள் இறங்கத் தொடங்கிவிடும். சிவலிங்கம் சங்கிலிக் கப்பியை இழுப்பார். தொங்கும் சுருளைத் தினேஷ்குமார் தோள்கொடுத்துத் திருப்புவான். பனியிலும் முதுகுத்துணி நனைந்து ஒட்டும். ஒரு கை வழுக்கினால் இன்னொருவன் எலும்பு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அன்று வழுக்கியது கையல்ல. சங்கிலிக் கண்ணி ஒன்று வாய் பிளந்தது. சுருள் தினேஷ்குமாரின் பாதத்தின் மேல் இறங்கியது.

மாடித் தகர அறையில் மாதவிக்கு அந்த அலறல் கேட்டது. கிடங்குக் கணக்கு வழக்கையும் போனில் வரும் புகார்களையும் பார்க்கும் ஏஐ ஏஜென்டுக்குக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. ஏஜென்டுக்குக் கை கிடையாது. புகார்க் கோப்பில் எழுத ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அந்தக் கருவி என்ன செய்யும், எதைக் கெடுக்கும் என்று மாதவி எழுதிவைத்ததைப் படித்துத்தான் அது நடக்கும். அவள் எழுதாதது அதற்குத் தெரியாது.

அவள் கீழே ஓடியபோது தினேஷ்குமாரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மேனேஜர் சேஷாத்ரி சிவலிங்கத்திடம் கத்திக்கொண்டிருந்தார்.

"சங்கிலி சரியில்லேன்னு நேத்தே சொன்னியா? எங்கே சொன்னே? கோப்பைப் பாரு. லைட் எரியலேங்கறது மட்டும்தான் இருக்கு."

"சாயங்காலமே போன்ல சொன்னேன் சார். காலைல கோப்புல பார்த்தா சங்கிலிப் புகார் இல்ல. அழிஞ்சிருந்தா ஃபிட்டர் சரி பண்ணிட்டார்னு அர்த்தம். அதான் சுருளைத் தூக்கினேன்."

"அப்படி எந்த ரூல்ல இருக்கு?"

"எங்க ரூல்ல இருக்கு" என்றாள் எடைமேடை ஷியாமளா. "தூண்ல சாக்கட்டியால எழுதின காலத்துலேர்ந்து. ரிப்பேர் பண்ணினவன்தான் அழிப்பான். ஒங்க மிஷின் எந்த ஸ்பானரைப் புடிச்சுது சார், அழிக்கறதுக்கு?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீ சும்மா இரு. சிவலிங்கம், கவனக்குறைவுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. வேலையோட போகும். போலீஸ் வராம பார்த்துக்கறேன்."

என்ன நடந்தது என்று அந்த முற்றத்திலே மாதவிக்கும் சேஷாத்ரிக்கும்தான் தெரியும். முதலில் சங்கிலிப் புகார் வந்தது. பிறகு விளக்குப் புகார் வந்தது. ஏஜென்ட் இரண்டாவதை எழுதியபோது கருவி கோப்பையே புதிதாக எழுதிவிட்டது. முதலாவது போன இடம் தெரியவில்லை.

'பழையது முழுதும் அழியும். முதலில் படித்து, அதோடு சேர்த்து எழுது' என்று அவள் எழுதித்தான் இருந்தாள். முந்தாநாள், "ஏம்மா, ஒவ்வொரு தடவையும் அது இத்தனையும் படிக்கணுமா? செலவும்மா. சுருக்கு" என்றார் சேஷாத்ரி. 'கோப்பில் எழுதும்' என்று சுருக்கினாள். கச்சிதம் என்றார். அன்று மாலை லேக் மார்க்கெட்டில் தோசை தின்றபோது அந்தப் பாராட்டும் சேர்ந்து இனித்தது. இப்போது அது புளித்தது.

சேஷாத்ரி அவளைப் படியோரம் அழைத்தார். "ஒங்க அப்பா முகத்துக்காகத்தான் ஒன்னை எடுத்தேன். அந்த வரியை மறுபடி சேர்த்துடு. சத்தமில்லாம. நம்மவா பேர் கெடக்கூடாது."

அவள் மேலே போய்ச் சேர்த்தாள். வெட்கம்தான், ஆனால் சேர்த்தாள். ஜன்னல் வழியே பார்த்தபோது சிவலிங்கம் பேனாவை வாங்கியிருந்தார். மேஜையில்லாததால் காகிதத்தை ரத்தம் தெறித்த சுருளின் மேல் வைத்துக் குனிந்தார்.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"போடாதீங்க, அண்ணா! நீங்க சொன்னது கோப்புல இருந்துச்சு. அழிச்சது கருவி. அது அழிக்கும்னு எழுதியிருந்த வரியை எடுத்தவ நான். எடுக்கச் சொன்னவர் இவர்."



"தெரிஞ்சேவா எடுத்தே?" என்றார் சிவலிங்கம்.

"அழியும்னு தெரியும். அழிஞ்சா சரியாயிடுச்சுன்னு நீங்க எடுத்துப்பீங்கன்னு தெரியாது."

"கேட்டிருக்கலாமே. பன்னெண்டு படிதானே?"

தினேஷ்குமாரின் ஒற்றைச் செருப்பு அவள் காலருகே கிடந்தது.

"மாதவி, மேலே போ" என்றார் சேஷாத்ரி.

அவள் நகரவில்லை. சிவலிங்கம் காகிதத்தைக் கிழிக்காமல், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது இருக்கட்டும். நீங்க எழுதச் சொன்னதுக்குச் சாட்சி. தினேஷ் வைத்தியம் கம்பெனி பொறுப்புன்னு சொல்லுங்க. எங்களைக் கேக்காம மிஷினுக்கு எந்தக் குறிப்பும் எழுதக் கூடாது. இதுக்கு ஒத்துக்கற வரைக்கும் சங்கிலியைத் தொடமாட்டோம்."

"லாரி நிக்குதுய்யா வெளியே!"

"நிக்கட்டும்" என்று ஷியாமளா எடைமேடைக் கதவைச் சாத்தினாள்.

ஒவ்வொருவராக வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். மாதவி நின்றுகொண்டிருந்தாள்.

"இதை வெளியில எவன் கேட்டாலும் சொல்வியா?" என்றார் சிவலிங்கம்.

"சொல்வேன்."

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதே. உக்காரு."

உட்கார்ந்தாள். தரை பனியாகச் சில்லிட்டது. வெளியே லாரிகள் ஹாரனை அழுத்தின. சேஷாத்ரி முதலாளிக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி இல்லை. மாடியில் அவளோடு வேலை செய்யும் கௌசிக் மெல்ல இறங்கி வந்து, பாதி வங்காளமான தமிழில் சிவலிங்கத்திடம் கேட்டான்:

"தாதா... அண்ணா, நான் எங்க பொஷ்பொ... உக்காரணும்?"

ஷியாமளா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள்.